வால்டெஸ் கரையும் அதற்கு அப்பாலும்

அர்ஜென்டினாவின் தென்பகுதியான படகோனியாவில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் நீண்டு, ஒரு குறுகிய பூசந்தியால் மட்டும் பெருநிலத்தோடு பிணைந்து கிடக்கும் வால்டெஸ் தீபகற்பத்தைத் தரைவழியே சென்று காண்பவர், இயற்கை இப்பிரதேசத்துக்கு எதையுமே வழங்கவில்லை என்றுதான் முதலில் எண்ணுவார். மழை அரிது, முட்புதரும் உலர்ந்த புல்லும், அவற்றிடையே மேயும் செம்மறியாடுகளும், ஓயாத காற்றும், கடல் மட்டத்துக்கும் சுமார் 40 மீட்டர் தாழ்வாக விரிந்து கிடக்கும் உப்புப் படுகைகளுமே அதன் உடைமைகள். ஆனால் அந்த வறண்ட மேட்டுநிலம் செங்குத்தாக முறிந்து கடலில் இறங்கும் விளிம்பை அடைந்துவிட்டாலோ, தரையில் காணாத செல்வமெல்லாம் நீரிலும் நீரோரத்திலும் குவிந்திருப்பதைக் காணலாம். பூசந்தியின் வடக்கே சான் ஹோசே வளைகுடாவும் தெற்கே நுவேவோ வளைகுடாவும் பெருங்கடலின் சீற்றம் அடங்கிய நீர்நிலைகளாக அமைந்திருப்பதால், தெற்கு ரைட் திமிங்கிலங்கள் குளிர்காலந்தோறும் அங்கு வந்து கன்று ஈன்று, கோடை தொடங்கும்வரை பாலூட்டி வளர்க்கின்றன. கிழக்குக் கரையின் கூழாங்கல் திட்டுகளில் கடல்யானைகள் குட்டி ஈனுகின்றன. மெகல்லன் பெங்குவின்கள் மண்ணைக் குடைந்து வளை அமைக்கின்றன.

1999-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் இத்தீபகற்பத்தை உலகப் பாரம்பரியச் சொத்தாக அங்கீகரித்தது. அதற்கு முன்பே, 1974-இல் சான் ஹோசே வளைகுடா கடற்பூங்காவாயிற்று; 1984-இல் அர்ஜென்டினா அரசு ரைட் திமிங்கிலத்தையே தேசத்தின் இயற்கைச் சின்னமாகச் சட்டத்தால் பிரகடனம் செய்தது. இவ்வளவு கௌரவங்களும் இவ்வளவு காவலும் அமைந்த ஓர் இடத்தில், கடந்த இருபது ஆண்டுகளில் ஜீவராசிகள் அடுத்தடுத்துப் பேரழிவுக்கு ஆளானது ஏன் என்பதே நாம் சிந்திக்க வேண்டிய விஷயம். என் அபிப்பிராயத்தில் காரணம் ஒன்றுதான்: காப்பாற்றப்பட்டது கரை, அந்தக் கரைக்கு வரும் பிராணிகளின் வாழ்வை நிர்ணயிக்கும் சக்திகளோ, காப்பு எல்லைக்கு வெளியே, சில சமயம் பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன.

திமிங்கில வேட்டையின் சரித்திரமே இதற்கு முதல் சாட்சி. ரைட் திமிங்கிலங்களைக் கொல்லலாகாது என்ற சர்வதேச உடன்பாடு 1935-ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. எனினும் 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் தென்கடல்களில் மூவாயிரத்துக்கும் அதிகமான ரைட் திமிங்கிலங்களை ரகசியமாகக் கொன்று, பொய்க் கணக்கு எழுதி மறைத்த செய்தியை, அத்தேசத்து விஞ்ஞானிகளே 1990-களில் வெளியிட்டபின்தான் உலகம் அறிந்தது. அந்த இழப்புக்குத் தப்பி எஞ்சிய வம்சத்தைத்தான் 1970-இல் வால்டெஸ் கரைக்கு வந்த அமெரிக்க ஆராய்ச்சியாளர் ராஜர் பெய்ன் கண்டார். ஒவ்வொரு திமிங்கிலத்தின் தலையிலும் உள்ள தடித்த தோற்பொருக்குகள் ஒன்றைப்போல் மற்றொன்று இராமையால், அவற்றைப் புகைப்படமெடுத்தே ஒவ்வொன்றையும் அடையாளம் காணலாம் என்று அவரும் அவருடைய துணைவர்களும் காட்டினார்கள். திமிங்கிலங்களின் வாழ்க்கையைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து அறிய அது வழிவகுத்தது.

அந்த நீண்ட ஆராய்ச்சி வெளிப்படுத்திய வேதனைகளில் என்னை மிகவும் உறுத்துவது கடற்காகங்களின் செயல். மூச்சுவிட நீரின் மேற்பரப்புக்கு வரும் திமிங்கிலத்தின் முதுகில் இறங்கி, அலகால் தோலைக் கிழித்து, அடியிலுள்ள கொழுப்பைத் தின்னும் வழக்கத்தை இப்பறவைகள் 1970-களில் கைக்கொண்டன. 1974-இல் இத்தகைய காயங்களோடு காணப்பட்டவை நூற்றுக்கு இரண்டு. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டு முடிவதற்குள் காயமில்லாத தாயோ கன்றோ காண்பதே அரிதாகிவிட்டது. தாய்த் திமிங்கிலங்கள் தற்காப்புக் கற்றுக்கொண்டன: முதுகை வளைத்து நீருக்குள் அமிழ்த்தி, தலையையும் வாலையும் மட்டும் உயர்த்தி ஓய்வெடுத்தன, பின்னர், மூச்சுத் துளை மட்டும் வெளித்தெரியும்படி உடலைச் சாய்த்தெழுந்து சுவாசிக்கவும் பழகின. கன்றுகளுக்கோ அந்தச் சாமர்த்தியம் உடனே வருவதில்லை. ஆகையால் பறவைகள் கன்றுகளை நாடின. பாலுண்டு உறங்கி உடல் தேற்ற வேண்டிய பருவத்தில் அவை ஓயாமல் ஓடி ஒளிகின்றன. இறந்து ஒதுங்கிய கன்றுகளின் வாயிலுள்ள பலீன் தகடுகளைச் சோதித்தபோது, காயம் மிகுந்த கன்றுகளின் உடலில் அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோன்களும் மிகுந்திருந்தது தெரியவந்தது.

இதைப் பறவையின் கொடுமை என்று சொல்லி நம் பொறுப்பைக் கழித்துவிடலாகாது. கடற்காகம் கிடைத்ததை உண்ணும் சுபாவமுடையது. மீன் பதனிடும் தொழிற்சாலைகளும், மீன்பிடிக் கப்பல்கள் வீசியெறியும் கழிவும், அக்கரையோர நகரங்களின் திறந்தவெளிக் குப்பை மேடுகளும் அதற்கு ஆண்டு முழுவதும் ஆகாரமளித்தன. இரை தேடும் குளிர்காலக் கஷ்டம் அதற்கு இல்லாமற் போனதற்கு மனிதனே காரணம். 2012-இல், தீபகற்பத்தை ஆளும் சூபுட் மாகாண அரசு, தாக்கும் பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் திட்டமொன்றை மேற்கொண்டது. துப்பாக்கி ஏந்துவதற்கு முன் குப்பையை மூடியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதே 2012-ஆம் ஆண்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ரைட் திமிங்கிலங்கள், பெரும்பாலும் கன்றுகள், வால்டெஸ் கரையில் செத்து ஒதுங்கின. அவற்றின் மரணத்துக்கு ஒரே காரணம் கூற இயலாது. தாய்த் திமிங்கிலங்கள் இவ்வளைகுடாக்களில் அநேகமாக உண்ணுவதில்லை. தொலைவில் தெற்கு ஜார்ஜியாத் தீவைச் சூழ்ந்த குளிர்கடலில் கிரில் என்னும் சிற்றுயிர்களை உண்டு சேர்த்த கொழுப்பே இங்கு பாலாகிறது. அக்கடல் வெப்பமடைந்து கிரில் குன்றும் காலத்தையடுத்து வால்டெஸில் பிறக்கும் கன்றுகளும் குறைவதை ஆராய்ச்சியாளர் நிரூபித்திருக்கிறார்கள். 2022-இல் நுவேவோ வளைகுடாவில் சில வாரங்களுக்குள் 30 திமிங்கிலங்கள் மாண்டன. அவற்றுள் பெரும்பாலானவை வளர்ந்தவை. நச்சுப் பாசிகளின் விஷமே காரணமென்று பரிசோதனைகள் சுட்டின.

2023-இல் நேர்ந்ததோ இவையனைத்தினும் பெரிது. தெற்குக் கடல்யானைகள் பெரும்பாலும் தீவுகளிலேயே குட்டி ஈனுபவை. கண்டத்தின் கரையில் பெருந்தொகையாகக் கூடும் அவற்றின் இருப்பிடம் வால்டெஸ் ஒன்றே. அவ்வாண்டு வசந்தத்தில் பறவைக் காய்ச்சல் வைரஸ் அங்கே பரவி, பிறந்த குட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல், அதாவது சுமார் 17,000 குட்டிகளைக் கொன்றது. இந்த வைரஸின் வம்சம் 1996-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்துப் பண்ணை வாத்துகளில் கண்டறியப்பட்டது. வளர்ப்புப் பறவைகளினின்று காட்டுப் பறவைகளுக்கும், பெரு, சிலி நாடுகளின் கடற்சிங்கங்களுக்கும் தாவி, கண்டத்தின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு அது அட்லாண்டிக் கரையை அடைந்தது. பூங்காக் காவலர் எத்தனை பேரை நிறுத்தியிருந்தாலும் அதைத் தடுத்திருக்க இயலாது.

தீபகற்பத்தின் புண்டா நோர்ட்டே முனையில் ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கிலங்கள் பெருக்கு நேரத்தில் கரையிலேறி, கடற்சிங்கக் குட்டிகளைக் கவ்விக்கொண்டு மீண்டும் நீருக்குள் நழுவும் வேட்டையும் இக்கரையின் விசேஷங்களில் ஒன்று. மூத்தவை இளையவற்றுக்குப் பயிற்றும் இவ்வித்தையை அறிந்த ஓர்க்காக்கள் மிகச் சிலவே. கரையில் குட்டிகள் இல்லாத ஆண்டுகள் தொடர்ந்தால், வித்தையும் அவற்றோடு மறைந்துபோகக்கூடும்.

இப்பொழுது மற்றோர் அபாயம் வடக்கே நெருங்கியிருக்கிறது. சான் ஹோசே வளைகுடாவின் வாய் திறப்பது சான் மத்தியாஸ் வளைகுடாவில். தீபகற்பம் சூபுட் மாகாணத்தைச் சேர்ந்தது, சான் மத்தியாஸின் வடகரை ரியோ நெக்ரோ மாகாணத்தைச் சேர்ந்தது, நீரோ ஒன்றுதான். எண்ணெய்த் தொழிலுக்கு அவ்வளைகுடாவில் இடமில்லை என்று ரியோ நெக்ரோவின் சட்டமன்றம் 1999-இல் விதித்த தடையை, அதே மன்றம் 2022-இல் தளர்த்தியது. உள்நாட்டிலுள்ள வாக்கா முயர்த்தா எண்ணெய் வயலின் எண்ணெயைக் குழாய்வழியே அவ்வளைகுடாக் கரையிலுள்ள புண்டா கொலராடாவுக்குக் கொண்டுவந்து, கடலில் நிறுத்திய மிதவைகளின் மூலம் பிரமாண்டமான கப்பல்களில் ஏற்றும் திட்டத்துக்கு அது வழி திறந்தது. வால்டெஸில் கூட்டம் பெருகியதால் கன்றில்லாத திமிங்கிலங்கள் இடம் தேடிச் சான் மத்தியாஸுக்குப் பரவத் தொடங்கியிருக்கும் வேளையில் இது நிகழ்கிறது. எண்ணெய் ஏற்றுமதி அத்தேசத்தின் கடன் சுமைக்குப் பெரிய ஆறுதல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மாகாணம் அனுமதி வழங்க, மற்றொரு மாகாணம் அதன் விளைவை ஏற்கும் ஏற்பாடு நியாயமாகாது. சூபுட்டும் ரியோ நெக்ரோவும் கூடியமர்ந்து, ரைட் திமிங்கிலங்கள் நிற்கும் ஜூன் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் கப்பல்களின் வேகத்துக்கும் பாதைக்கும் வரம்பு கட்டி, எண்ணெய் சிந்தினால் எந்த அதிகாரி, எத்தனை மணி நேரத்துக்குள், எவருடைய செலவில் அதை அகற்றுவார் என்பதை இரு மாகாணங்களையும் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையாக எழுத வேண்டும். எழுதும்வரை, அங்கீகாரம் அளித்த யுனெஸ்கோவின் குழு ஆண்டுதோறும் அதைப் பற்றி அர்ஜென்டினா அரசிடம் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.