மவுஸ் இல்லாவிட்டால் மூளை வேலை செய்யாதா?

"ஸ்ட்ராட்டஜி கேம் ஆடிப் பார்க்கலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கலாம்?" என்று யாராவது ஒரு அப்பாவி கேட்டுவிட்டால் போதும். எங்கிருந்துதான் வருவார்களோ, நாலு பண்டிதர்கள் உடனே ஆஜராகிவிடுவார்கள். "முதலில் நல்ல கம்ப்யூட்டர் வாங்கு. ஸ்டார்கிராஃப்ட் ஆடு. கன்சோலில் ஸ்ட்ராட்டஜியா? அதெல்லாம் குழந்தைகள் சமாசாரம்" என்று முதல் பண்டிதர் தீர்ப்பு சொல்வார். "ஆடினால் கஷ்டமான நிலையில்தான் ஆடணும், ஈஸி மோடில் ஆடுவதற்குச் சும்மா இருக்கலாம்" என்பார் இரண்டாமவர். மற்ற இருவரும் தலையாட்டுவார்கள். கேட்டவர் கையில் இருப்பதோ ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச். அவர் பேசாமல் கார் ரேஸ் ஆடப் போய்விடுவார்.

இப்படி விரட்டப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை. ஆனால் இரண்டு தீர்ப்பும் தப்பு என்று மட்டும் அடித்துச் சொல்லலாம். முதலாவது சரித்திரப்படி தப்பு. இரண்டாவது அதைவிட மோசம்.

சரித்திரத்தை முதலில் பார்ப்போம். இன்று பண்டிதர்கள் கொண்டாடும் நிகழ்நேர வியூக விளையாட்டுகளுக்கெல்லாம் பாட்டனார் என்று டூன் 2-ஐச் சொல்வார்கள். அது 1992-இல் கம்ப்யூட்டருக்கு வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே, 1989-இல், சேகா மெகா டிரைவில் ஹெர்சோக் ஸ்வை வந்துவிட்டது. தளம் பிடிப்பது, படை தயாரிப்பது, கட்டளை கொடுத்து அனுப்புவது எல்லாம் அதில் உண்டு. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் மோதலாம். மவுஸ் கிடையாது! அதற்கும் முந்தைய வருடம், 1988-இல், ஜப்பானில் ஃபாமிகாம் வார்ஸ் வந்தது. 1990-இல் ஃபயர் எம்ப்ளம். இரண்டையும் செய்தது நிண்டெண்டோவின் கூட்டாளியான இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ். இவை எதுவும் கம்ப்யூட்டர் கேமைச் சுருக்கிக் கன்சோலில் திணித்தவை அல்ல. ஒரு சிலுவை வடிவப் பட்டனும் சில பொத்தான்களும்தான் இருக்கும் என்று தெரிந்தே வடிவமைத்தவை. ஒரு அழுத்தத்துக்கு ஒரு கட்டம் நகரும். கட்டம் போட்ட பலகைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி மவுஸ்கூடக் கிடையாது.

பண்டிதர்கள் பக்கம் ஒரு நியாயமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். மவுஸுக்காகச் செய்த விளையாட்டைக் கன்சோலுக்குத் தூக்கி வந்தபோதெல்லாம் பல்லிளித்திருக்கிறது. 2000-இல் நிண்டெண்டோ 64-க்கு வந்த ஸ்டார்கிராஃப்ட் அப்படித்தான். குச்சியைத் தள்ளித் தள்ளித் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவதற்குள் அங்கே பாதிப் படை காலியாகியிருக்கும். பிறகு பாடம் கற்றார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் செய்த அதே என்செம்பிள் ஸ்டூடியோஸ், 2009-இல் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலருக்கென்றே ஹேலோ வார்ஸ் செய்தது. (செய்து முடித்த கையோடு அந்த ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள், அது தனிச் சோகக் கதை.) 2023 ஜனவரியில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஏ எக்ஸ்பாக்ஸுக்கு வந்துவிட்டது.

ஆனாலும் புதிதாக வருபவர் அங்கே தொடங்கக் கூடாது. கண்ட்ரோலரால் அல்ல. நிகழ்நேர ஆட்டத்தில் தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரியாது, அதனால்தான். இருபதாவது நிமிடத்தில் கோட்டை விழுகிறது. காரணம் மூன்றாவது நிமிடத்தில் இரண்டு குடியானவர்கள் வேலையில்லாமல் நின்றதாக இருக்கலாம், கை மெதுவாக ஓடியதாகவும் இருக்கலாம். புதியவருக்கு எப்படிப் பிடிபடும்? முறை வைத்து ஆடும் ஆட்டத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. போன முறை அந்தக் கட்டத்தில் நிறுத்தினான், அதனால் செத்தான். அவ்வளவுதான். சதுரங்கம் ஆடுபவரைப் பார்த்து "வேகம் இல்லையே, இதெல்லாம் வியூகமா?" என்று யாரும் கேட்பதில்லை.

உதாரணத்துக்கு அட்வான்ஸ் வார்ஸை எடுத்துக்கொள்ளலாம். 2001-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தது. பார்க்க பொம்மைச் சண்டை மாதிரி இருக்கும். இதைத்தான் குழந்தைகள் சமாசாரம் என்கிறார்கள்.

காலாட்படை ஒன்றின் விலை 1,000. டாங்கியின் விலை 7,000. கைவசமுள்ள ஒவ்வொரு நகரமும் முறைக்கு 1,000 வருமானம் தரும். நகரத்தைப் பிடிக்கக் காலாள்களால் மட்டுமே முடியும், டாங்கியால் முடியாது. புதியவர் என்ன செய்வார்? பணம் சேர்ந்ததும் டாங்கி வாங்குவார். பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதே! எதிராளி அதே காசில் ஏழு காலாட்படை வாங்கி ஊர் ஊராக அனுப்புவார். நகரத்தைப் பிடித்த காலாட்படை அடுத்த முறையிலேயே தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். பத்து முறை கழித்துப் பார்த்தால் ஒருவரிடம் டாங்கி இருக்கும், இன்னொருவரிடம் நாடு இருக்கும்.

இன்னும் கேளுங்கள். ஒரு நகரத்துக்கு 20 புள்ளி. முழுப் பலத்தில், அதாவது 10-இல், இருக்கும் காலாட்படை ஒரு முறைக்கு 10 புள்ளி குறைக்கும். ஆக, இரண்டு முறையில் ஊர் கைக்கு வரும். அதுவே வழியில் அடி வாங்கி 5-ஆகிப் போயிருந்தால் நான்கு முறை ஆகும். அடி வாங்கிய படையின் தாக்குதலும் அதே போலக் குறையும். அதனால் முதலில் அடிப்பவருக்குப் பெரும்பாலும் லாபம், ஏனென்றால் திருப்பி அடிப்பவன் ஏற்கெனவே நொந்து போயிருப்பான். பீரங்கி 6,000. இரண்டு மூன்று கட்டம் தள்ளியிருந்து அடிக்கும். ஆனால் நகர்ந்த முறையில் சுடாது, பக்கத்தில் வந்து அடித்தால் பதிலும் கொடுக்காது. எனவே அதற்கு முன்னால் யாரையாவது நிறுத்த வேண்டும். 7,000 ரூபாய் டாங்கியையா, 1,000 ரூபாய் காலாளையா? (பாவம் அந்தக் காலாள்.)

வருமானம், நேரம், இடம், தியாகம் - வியூகத்தின் பால பாடம் அத்தனையும் இந்தப் பொம்மைச் சண்டையில் வந்துவிட்டது. இதைச் சொல்லிக்கொடுக்க நூறு பொத்தான் கொண்ட கீபோர்டு எதற்கு?

இப்போது இரண்டாவது பண்டிதர். ஃபயர் எம்ப்ளம் தொடரில் ஒரு விதி உண்டு. சண்டையில் ஒரு வீரன் செத்தால் செத்ததுதான், கதை முடியும்வரை திரும்பி வரமாட்டான். பேரும் முகமும் கதையும் உள்ள வீரர்கள் என்பதால் மனசு பதறும். அருமையான விதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கும்? வீரன் செத்த மறுநிமிடம் கருவியை அணைத்துவிட்டு அதே சண்டையை முதலிலிருந்து ஆடுவார்கள். தியாகமும் இல்லை, பாடமும் இல்லை, ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

2010-இல் ஜப்பானில் வந்த பாகத்தில், விழுந்த வீரன் அடுத்த சண்டைக்குத் திரும்பிவிடும் கேஷுவல் நிலையைச் சேர்த்தார்கள். பண்டிதர்கள் குதித்தார்கள். 2012-இல் அவேக்கனிங் வந்தது, அதிலும் அந்த நிலை இருந்தது. விற்பனை இரண்டரை லட்சத்தைத் தாண்டாவிட்டால் தொடரையே நிறுத்திவிடுவதாக இருந்தது என்று அதைச் செய்தவர்களே பிறகு பேட்டியில் சொன்னார்கள். அவேக்கனிங் அந்த எண்ணிக்கையைத் தாண்டி எங்கோ போய்விட்டது. காரணம் அது ஒன்றே அல்ல. ஆனால் வாசல் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறந்ததும் ஒரு காரணம். 2017-இல் வந்த பாகத்தில் நகர்த்தியதைப் பின்னுக்குச் சுழற்றும் சக்கரமும் வந்தது, 2019-இன் த்ரீ ஹவுசஸிலும் அதே வசதி உண்டு. ஈஸி மோடு கேவலம் என்பவர்கள் இன்று புதுப் பாகம் ஆடிக்கொண்டிருப்பதே ஈஸி மோடு ஆடியவர்கள் கொடுத்த காசில்தான்.

பண்டிதர் பேச்சைக் கேட்டு, "தலைசிறந்தது" என்ற ஒரே காரணத்துக்காக 1997-இன் ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸின் பழைய பதிப்பில் இறங்குவதும் ஆபத்து. தலைசிறந்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் நடுவில் ரியோவானஸ் கோட்டை என்று ஒன்று வரும். தொடர் சண்டைகள். இடையில் சேமித்துக்கொள்ளலாம், ஆனால் வெளியே போய்ப் பயிற்சி எடுக்க முடியாது. அங்கே வீக்ராஃப் என்பவனுடன் தனியாக மோத வேண்டும். ஒரே சேமிப்பை வைத்துக்கொண்டு பலவீனமாக உள்ளே போனவர்கள் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். 2025-இல் வந்த புதிய பதிப்பில் எளிய நிலையும் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஸ்விட்ச் வைத்திருப்பவருக்கு 2023-இல் மறுபடி வந்த அட்வான்ஸ் வார்ஸ் 1+2 போதும். தவறாக நகர்த்திவிட்டால் அந்த முறையைத் திரும்ப ஆடிக்கொள்ளலாம். பொறுமை குறைவு என்றால் இன்டு தி பிரீச். எட்டுக்கு எட்டுக் கட்டம், எதிரி அடுத்து எங்கே அடிப்பான் என்று முன்கூட்டியே காட்டிவிடும். ஸ்விட்ச் இல்லாமல் பிளேஸ்டேஷன் 3-ஓ எக்ஸ்பாக்ஸோ இருந்தால் 2012-இன் எக்ஸ்காம் கிடைக்கும். ஆனால் 90 சதவீதம் என்று போட்டிருக்கும் குண்டும் தப்பும், தலையணையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பழைய 3டிஎஸ் யாரிடமாவது இருந்தால் அவேக்கனிங்கை அட்டையாகத்தான் தேட வேண்டும், அதன் ஆன்லைன் கடையை 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள்.

முதல் நாள் கற்க வேண்டியது ஒரே ஒரு பொத்தான். அட்வான்ஸ் வார்ஸில் எதிரிப் படையின் மேல் வைத்து பி-யை அழுத்தினால், அது அடிக்கக்கூடிய கட்டங்கள் எல்லாம் தெரியும். தன் படையை அந்த எல்லைக்கு ஒரு கட்டம் வெளியே நிறுத்திவிட்டு, எதிரி தானாக முன்னே வரும்வரை ஒரு முறை காத்திருந்தால், முதல் அடி புதியவருடையதாக இருக்கும்.