நிலத்தோடு பேசும் நான்கு அடிகள்

புறநானூற்றின் 187ஆம் பாட்டை இயற்கைப் பாட்டு என்று பெரும்பாலும் சொல்வதில்லை. பொதுவியல் திணை, பொருண்மொழிக்காஞ்சித் துறை; தேர்வில் அப்படி எழுதினால்தான் மதிப்பெண். எனக்கோ அது நிலத்தைப் பற்றிய பாட்டுதான். நிலத்தை முன்னால் நிறுத்தி 'நீ' என்று பேசும் பாட்டை வேறு எதில் சேர்ப்பது?

பாடியவர் ஔவையார். எங்கள் தருமபுரி அன்றைய தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நெருங்கியவர். இந்தப் பாட்டில் ஊர்ப் பெயரும் இல்லை, மன்னன் பெயரும் இல்லை. நீ எப்படிப்பட்ட இடமாகவும் இருந்துகொள், உன்னிடம் வாழும் ஆடவர் எங்கே நல்லவரோ அங்கேதான் உனக்கும் நல்ல பெயர் என்று நிலத்திடம் சொல்லி வாழ்த்துகிறார், அவ்வளவுதான்.

இப்போது அலகிட்டுப் பாருங்கள். முதல் அடியின் நான்கு சீரும் தேமா. இரண்டாம் அடி புளிமா, தேமா, புளிமா, தேமா. முதலடியில் 'நாடு', 'காடு' இரண்டும் முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் நின்று பொழிப்பெதுகை ஆகின்றன. இரண்டு அடிகளிலும் இரட்டைப்படைச் சீர்களில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நடந்துகொண்டே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இடம் காட்டுவது போன்ற ஓசை.

மூன்றாம் அடியில் மனிதர் வருகிறார்கள். உடனே ஓசை மாறிவிடுகிறது. மூன்று கூவிளம், அதோடு அடி முடிந்தது! நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராய் வரும் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த விதிதான். ஆனால் நிலத்தை விட்டு மனிதனிடம் திரும்பும் இடத்தில் அந்த ஒரு சீர் குறைவதால், படிப்பவர் அங்கே சற்று நின்றுதான் ஆகவேண்டும். (வாய்பாடு கேட்கும் வினாத்தாள் இதைக் கேட்பதே இல்லை.) அடுத்து, மூன்றாம் அடியையும் நான்காம் அடியையும் அடியெதுகை கட்டிவைக்கிறது. மனிதன் எப்படியோ நிலமும் அப்படி என்ற வாதத்தைப் பாதி எதுகையே நடத்திவிடுகிறது.

'ஆடவர்' என்ற சொல் யாப்புக்காக வந்தது என்று சிலர் சமாதானம் சொல்லலாம். நான் ஏற்கமாட்டேன். அங்கே 'மாந்தர்' என்று போட்டாலும் தளை கெடாது. சீர் தேமாவாகும், கூவிளத்தின் ஓட்டம் மட்டும் போகும். ஒரு பெண்பாற் புலவர் தெரிந்தே ஆண்களைச் சுட்டிய சொல் அது.

வறண்ட பூமி, பின்தங்கிய மாவட்டம் என்று எங்கள் மண்மேல் பழிபோடுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு அடிக்குத் தலையாட்டுவார்கள். மூன்றாம் அடியில் பேச்சை மாற்றிவிடுவார்கள்.