நிலவின் பாதைக்கு எத்தனை வடிவம்?

அம்பூரியில் நிலவு மலைக்கு மேலே உதிக்கிறது. மலைக்கு அப்பால் பாபநாசத்தில் அதே மலைக்குப் பின்னால் மறைகிறது. இரண்டும் உண்மையே; நிற்கும் இடம்தான் வேறு.

நிலவின் பாதையும் அப்படியே. பூமியிலிருந்து பார்த்தால் அது ஏறக்குறைய வட்டம், 27.3 நாளில் ஒரு சுற்று. சூரியனிலிருந்து பார்த்தால்? சுருள் கம்பிபோல வளையம் வளையமாகப் பிள்ளைகள் வரைகிறார்கள். பெரியவர்களும் சரியென்று தலையாட்டுகிறோம். அது தவறு.

பூமி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. நிலவு பூமியைச் சுற்றும் வேகமோ விநாடிக்கு 1 கிலோமீட்டர்தான். ஆகவே நிலவு பின்னோக்கிப் போவதே இல்லை; வளையம் விழ வழியில்லை. மேலும், நிலவின்மீது பூமியின் இழுப்பைவிடச் சூரியனின் இழுப்பு இரு மடங்குக்கும் அதிகம். அதனால் அதன் பாதை எப்போதும் சூரியன் பக்கமே வளைகிறது.

நம் சங்கத்துத் தமிழ் வகுப்பில் இதைச் செய்து காட்டலாம். ஒன்றரை மீட்டர் கயிற்றில் சுண்ணக்கட்டியைக் கட்டித் தரையில் வட்டம் போடுங்கள். அது பூமியின் பாதை. அந்த அளவில் நிலவு கோட்டைவிட்டுச் சுமார் 4 மில்லிமீட்டர்தான் விலகும்!

பள்ளியில் மலையாளத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைத் தமிழிலும் விளக்கப் பழக வேண்டும். பண்டிகைப் பாட்டுக்கு மட்டும் தாய்மொழி என்றால் அது விரைவில் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அறிவியலைப் பேசும் மொழியே அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும்.