பாவு பிணைப்பும் பேரேடுகளும்

ஆரணியில் பழைய பாவு தீர்ந்ததும், தறியில் எஞ்சிய நுனிகளோடு புதுப்பாவின் பட்டிழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்கும் விரல்களைப் பார்த்திருந்தவருக்கு, நம் தஸ்தாவேஜுகளின் அலங்கோலம் நகைப்பையே விளைவிக்கும். கூட்டுறவுச் சங்கப் பேரேட்டிலும், 2019-20இல் நடந்த 4ஆவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பிலும், வங்கிப் புத்தகத்திலும், குடும்ப அட்டையிலும் ஒரே நெசவாளர் 'சுப்பிரமணி', 'சுப்ரமணியன்', 'மணி' என்று வெவ்வேறு ஆசாமிகளாக ஜீவிக்கக்கூடும். யாவற்றையும் சென்னையில் ஒரே களஞ்சியத்தில் கொட்டிவிடுவதே பரிகாரம் என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. ஏடுகள் அவரவர் வசமே இருக்கட்டும், ஒரு பொது எண்ணும், 'நெசவாளர்' என்பவர் தறிக்குச் சொந்தக்காரரா, கூலிக்கு நெய்பவரா, (பாவு ஓட்டும் மனைவியும் அதில் அடக்கமா!) என்ற ஏகோபித்த விளக்கமும் இருந்தால், வேண்டும்போது அவை இருந்த இடத்திலிருந்தே இணையும். ஆனால் இல்லாத பதிவை எந்த எண்ணும் இணைக்காது: சங்கத்தில் சேராது முதலாளியிடம் நெய்பவருக்கோ, சங்கப் பேரேட்டில் ஒரு வரிகூடக் கிடையாது.