61 நாள் தடை சரி... மீதி 304 நாள்?

ஜூன் 15 வந்தால் போதும், தாம்பரம் மீன் மார்க்கெட்டில் ஒரே உற்சாகம்தான். ஏப்ரல் 15ல் ஆரம்பித்த தடைக்காலம் முடிந்தது, விசைப்படகுகள் கிளம்பியாச்சு, 61 நாள் லீவில் கடல் ரொம்பியிருக்கும்... இது பலருடைய கணக்கு. மன்னிக்கணும் மக்களே, ஏழை வீட்டு மீனான மத்திக்கு இந்தக் கணக்கு செல்லாது!

ஏன்? மத்தியின் தாய்வீடு மேற்குக் கரை. அங்கே அது முட்டையிடுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். அப்போதுதான் கேரளாவிலும் ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை 52 நாள் தடை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது இழுவைப் படகுகளுக்கு. மத்தியைப் பெருமளவில் பிடிப்பது ரிங் சீன் என்ற வளைப்பு வலை. அந்த வலை போடும் பாரம்பரிய வள்ளங்களுக்குத் தடை கிடையாது. பூட்டியது ஒரு கதவை, மத்தி போவது இன்னொரு கதவு வழியாக!

கேரளாவில் 2012ல் பிடிபட்ட மத்தி சுமார் 3.9 லட்சம் டன். 2021ல் வெறும் 3,297 டன். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

"எல்லாம் எல் நினோ, பருவமழை செய்யும் வேலை, மனுஷன் என்ன பண்ணுவான்?" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். பாதி உண்மை. கடல் சூடானால் மத்தி குறையும், நல்ல மழை வந்தால் பெருகும். 2024ல் அப்படித்தான் கேரளக் கரையோரம் குட்டி மத்தி மொய்த்தது. உடனே என்ன நடந்தது? வளரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. அள்ளிக் குவித்ததில் விலை கிலோ 20, 30 ரூபாய்க்கு விழுந்தது. சாப்பிட ஆளில்லாத பொடிமீன் போகுமிடம் மீன்தூள் ஆலை, அங்கிருந்து கோழித் தீவனம். மழை கொடுத்ததை மனுஷன்தான் வீணாக்கினான்.

அதற்காகத் தடை நாளை இன்னும் கூட்டச் சொன்னால், அடுப்பு அணைவது படகில் கூலிக்குப் போகிறவன் வீட்டில்தான். நாளை எண்ணாதீங்க, மீனை அளங்க! 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரளா 2015லேயே விதி போட்டது. அந்த அளவுகோல் துறைமுகத்தோடு நிற்காமல் மார்க்கெட் வரை வரவேண்டும், வருஷம் முழுக்க வரவேண்டும்.

அதுவரை தாம்பரத்துக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கூடையில் விரல் நீளத்துக்கு மத்தி கிடந்தால், எவ்வளவு மலிவு என்றாலும் வாங்காதீங்க. இன்னொரு வருஷம் விட்டிருந்தால் அதுவே முட்டையிட்டிருக்கும்.