மரத்துக்கு அறுநூறு ரூபாய்!
புயலின் குற்றமா, சர்க்காரின் கணக்கா?

"இயற்கையின் சீற்றம், மனிதர் என்ன செய்ய முடியும்?" புயல் அடித்தாலும் மழை பொய்த்தாலும் ஆள்வோர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு இதுதான். கேட்பதற்கு அடக்கமான பேச்சு. ஆனால் இதற்குள் ஒளிந்திருப்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரம்!

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், மேற்கே பாய்ந்து புதுக்கோட்டை ஜில்லாவைச் சூறையாடிற்று. வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பகுதிகளில் தென்னையும் பலாவும் வாழையும் வேரோடு சாய்ந்தன. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் படகுகள் நொறுங்கின. மின்கம்பங்கள் விழுந்ததால் ஆழ்துளைக் கிணறுகள் நின்றுபோயின. குடிக்கும் தண்ணீருக்கே மக்கள் குடத்தோடு அலைந்தார்கள்.

காற்றை எந்த மந்திரியும் ஏவவில்லை. அதை மறுப்பவர் இல்லை. புயலுக்கு முன்பே 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். அதனால் பல உயிர்கள் தப்பின. அதையும் ஒப்புக்கொள்கிறோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியருகே பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் விழுங்கிய நாளை நினைத்தால், இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் இதிலிருந்து விளங்குவது என்ன? சர்க்கார் முனைந்தால் சாவைக் குறைக்க முடியும் என்பதே! அப்படியானால் புயலுக்குப் பின்னே வரும் பட்டினியை மட்டும் ஏன் குறைக்க முடியாது?

அறுநூறு ரூபாய்க் கணக்கு

விழுந்த தென்னை ஒன்றுக்கு சர்க்கார் அறிவித்த தொகை 1,100 ரூபாய். இதில் 500 ரூபாய் மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கு. ஆக, மரத்தின் விலை 600 ரூபாய்!

குறைத்தே கணக்குப் போடுவோம். ஒரு மரம் ஆண்டுக்கு 80 காய் காய்க்கிறது, காய் ஒன்று 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு வருமானம் 800 ரூபாய். ஓராண்டுக் காய்ப்புக்கே ஈடாகாத பணம், அறுபது ஆண்டு காய்க்கும் மரத்துக்கு விலையாம்! புதிதாக வைக்கும் நாட்டுத் தென்னங்கன்று பாளை விட ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதைத் தின்னும்? தோப்பை நம்பி வாங்கிய கடனுக்கு வட்டி எங்கிருந்து வரும்? வட்டி மட்டும் புயலில் சாயவில்லையே!

மரமில்லாதவருக்கு என்ன?

இது மரம் உள்ளவரின் கதை. மரம் ஏறுகிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள், விடியுமுன் பூப்பறிக்கிறவர்கள், பலாப்பழம் சுமக்கிறவர்கள் — இவர்கள் பெயரில் ஒரு மரமும் இல்லை. மரத்தை எண்ணிக் கொடுக்கும் நஷ்டஈட்டில் இவர்களுக்குப் பங்கு ஏது? தோப்பு சாய்ந்த அன்றே இவர்களது வேலையும் சாய்ந்தது. அரிசியும் வேட்டி சேலையும் சில நாள் பசியை ஆற்றும். ஏழாண்டு வேலையின்மையை ஆற்றுமா?

கொத்தமங்கலத்தில் பொறுமையிழந்த மக்கள் சாலையை மறித்தார்கள். அரசு வாகனங்கள் எரிந்தன. தீ வைப்பதை யாரும் ஆதரிக்கவில்லை. ஆனால் குடிநீரைவிடப் போலீஸ் விரைந்து வந்ததே, அது எந்த நியாயம்? மறுபக்கம், வெளி ஜில்லாக்களிலிருந்து வந்த மின்சாரத் தொழிலாளர்கள் சேற்றிலும் தண்ணீரிலும் நின்று கம்பம் நட்டார்கள். இருண்ட ஊர்களுக்கு வெளிச்சம் தந்தது அந்தக் கைகளே!

டில்லியின் தாராளம்

மாநில சர்க்கார் மத்திய சர்க்காரிடம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். முதலில் வந்தது 353.70 கோடி. பிறகு டிசம்பர் 31 அன்று ஒப்புக்கொள்ளப்பட்டது 1,146.12 கோடி. இரண்டையும் கூட்டினாலும் கேட்டதில் பத்தில் ஒரு பங்குதான்.

இந்தக் கஞ்சத்தனத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 1876இல் மழை பொய்த்து, சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் வெந்தபோது, வைஸ்ராய் லிட்டன் 1877 ஜனவரி முதல் நாளில் டில்லியில் தர்பார் நடத்தினார். அவர் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நாளெல்லாம் மண் வெட்டும் ஆளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். தானியமோ கப்பலேறிக்கொண்டிருந்தது! மழை பொய்த்தது இயற்கை. ராத்தலை நிறுத்தது மனிதர். வெள்ளையர் போய்விட்டார்கள். அந்தத் தராசு மட்டும் ஏன் இன்னும் கச்சேரியில் தொங்குகிறது?

கஜா முதல் புயலும் அல்ல, கடைசிப் புயலும் அல்ல. 1952, 1955, 1977 என்று இந்தக் கரை அடிமேல் அடி வாங்கியிருக்கிறது. கடல் சூடேறச் சூடேற புயல்களின் உக்கிரம் கூடும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அடுத்ததற்கு முன் கணக்கை மாற்றியாக வேண்டும்.

மரத்துக்கு நஷ்டஈடு என்றால் மறுபடி காய்க்கும் வரையிலான ஈடு வேண்டும்! பட்டா இல்லாத குத்தகைதாரருக்கும் அது சேர வேண்டும்! வேலையிழந்த கூலித் தொழிலாளிக்கு அதே ஊரில் வேலையும் கூலியும் வேண்டும்! கடனும் வட்டியும் தள்ளுபடியாக வேண்டும்!

இது பிச்சையல்ல, உரிமை. புயலைத் தடுக்கும் சக்தி நமக்கு இல்லாமல் இருக்கலாம். அநியாயக் கணக்கைத் திருத்தும் சக்தி, ஒன்றுபட்டு நின்றால், நிச்சயம் உண்டு!