ஒரு படக்குறிப்புத் திருத்தம்



சென்ற இதழில் ஒரு தவறு செய்துவிட்டோம். அஜந்தா முதலாம் குகையின் பத்மபாணி படத்துக்குக் கீழே ‘அஜந்தா ஃப்ரெஸ்கோ’ என்று அச்சிட்டிருந்தோம். அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான்; உதவி ஆசிரியர்கள் தலையில் கட்ட வழியில்லை. இதழ் கடைக்குப் போன நான்காம் நாள் ஓர் அஞ்சலட்டை வந்தது. ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் எழுதியிருந்தார். கையெழுத்தே சித்திரம் போல இருந்தது. சுவரில் இருப்பதையெல்லாம் ஃப்ரெஸ்கோ என்று சொல்வது, கல்லில் வேகிறதையெல்லாம் தோசை என்று சொல்வது மாதிரி என்று முடித்திருந்தார்.

முதலில் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், ஓவியக் கண்காட்சிகளில் நான் செய்துகொண்டிருந்தது எல்லாமே பாவனைதான். படத்தின் பக்கத்தில் சின்னதாக ஓர் அட்டை ஒட்டியிருப்பார்கள்: ‘கேன்வாஸில் அக்ரிலிக்’, ‘பலகையில் டெம்பரா’. படித்துவிட்டு, புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவேன். உங்களிலும் என்னைப் போல இரண்டு பேராவது இருப்பீர்கள் என்ற தைரியத்தில் இதைச் சொல்கிறேன்.

மாஸ்டர் அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு யோசனையும் சொல்லியிருந்தார். படத்தைப் பார்த்ததும் என்ன பாணி, யார் வரைந்தது என்றெல்லாம் கேட்காதீர்கள். முதலில் பசை எது என்று கேளுங்கள் என்று. இந்த ஒரு மாதமாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஓவியப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிறம் என்பது அடிப்படையில் பொடி. காவிக்கல்லை அரைத்தால் சிவப்பு, கரியை அரைத்தால் கறுப்பு. பொடி தானாக எதிலும் ஒட்டாது. வேலம்பிசினைத் தண்ணீரில் கரைத்து அதில் குழைத்தால் அது வாட்டர் கலர். ஆளிவிதை எண்ணெயில் அரைத்தால் ஆயில் பெயின்ட். முட்டையின் மஞ்சள் கருவிலோ வேறு பசையிலோ கலந்தால் டெம்பரா. பிளாஸ்டிக் குழம்பில் கலந்தால் அக்ரிலிக். பொடி அதேதான், பசை மாறினால் பெயர் மாறிவிடுகிறது.

ஃப்ரெஸ்கோவில் பசையே கிடையாது. சுவர்தான் பசை. அந்த இத்தாலியச் சொல்லுக்குப் ‘புதியது’, ‘பச்சையானது’ என்று பொருள். சுண்ணாம்புக் காரையைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வெறும் தண்ணீரில் கரைத்த நிறத்தைத் தீட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக இறுகும்போது நிறத்தையும் தனக்குள் பூட்டிக்கொள்ளும். வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் கோலம் போட வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்துவது நினைவுக்கு வருகிறதா? அதே அவசரம்தான். ரசாயனம் வேறு, பதற்றம் ஒன்று.

ஆகவே ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும்தான் காலையில் காரை பூசுவார்கள். அந்தத் துண்டுக்கு ‘ஜொர்னாட்டா’, அதாவது ஒரு நாள் வேலை, என்று பெயர். ரோமில் சிஸ்டைன் தேவாலயத்தின் கூரையை மைக்கேலாஞ்சலோ 1508இலிருந்து 1512வரை இப்படித் துண்டு துண்டாகத்தான் தீட்டினார். கிட்டத்தில் பார்ப்பவர்கள் ஒரு நாள் முடிந்து மறுநாள் தொடங்கிய இணைப்பைக் காட்டுவார்கள். உலகப் புகழ்பெற்ற அந்த ஓவியத்துக்குள் கொத்தனாரின் நாள்கணக்கும் இருக்கிறது.

லியனார்டோ டாவின்சிக்கு இந்த அவசரம் ஒத்துவரவில்லை. நின்று, யோசித்து, திருத்தித் திருத்தி வரைகிற கை அவருடையது. மிலான் மடத்து உணவுக்கூடத்தில் ‘கடைசி விருந்து’ வரையும்போது ஈரக் காரையை விட்டுவிட்டு, உலர்ந்த சுவரின் மேல் டெம்பராவும் எண்ணெயும் கலந்து தீட்டினார். விளைவு, அவர் உயிரோடு இருக்கும்போதே நிறம் உரியத் தொடங்கிவிட்டது. இருபது ஆண்டுக்கும் மேல் நடந்த கடைசிப் பராமரிப்பு வேலை 1999இல்தான் முடிந்தது. மேதைக்கும் பசை பிடிபடவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நம் ஊருக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையின் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி அந்தப் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் இன்னொரு படம் இருப்பதைக் கண்டார். அது சோழர் காலத்தது. சுந்தரர் யானையில், சேரமான் பெருமாள் குதிரையில், கயிலாயம் போகிறார்கள். பின்னாளில் ஆராய்ந்தவர்கள் அந்தச் சோழர் ஓவியத்தை ஈரக் காரையில் தீட்டிய நிஜ ஃப்ரெஸ்கோ என்றார்கள். யோசித்துப் பாருங்கள்: வெளிச்சம் எட்டாத குறுகலான இடம், காய்ந்துகொண்டிருக்கும் சுவர், கையில் துகிலிகை. திருத்த அவகாசமில்லை. அந்தக் குதிரையின் கால் வளைவை இனி பார்க்கும்போது அந்தக் கை எவ்வளவு வேகமாக ஓடியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எண்ணெயின் குணம் இதற்கு நேரெதிர். அது காய நாள்கணக்கில் ஆகும். காயாததால் ஒரு நிறத்தை இன்னொன்றோடு விளிம்பு தெரியாமல் இழைக்கலாம். மோனாலிசாவின் உதட்டோரம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. இத்தாலியர்கள் ‘புகை’ என்ற சொல்லிலிருந்து அதற்கு ‘ஸ்ஃபுமாட்டோ’ என்று பெயர் வைத்தார்கள். அதே எண்ணெய் வண்ணத்தைக் கெட்டியாக அப்பவும் செய்யலாம். வான்கோவின் வானம் பிசைந்த மாவு மாதிரி மேடிட்டு நிற்பது அப்படித்தான். அதற்குப் பெயர் ‘இம்பாஸ்டோ’.

இந்த வித்தை இந்தியாவில் ஒரு காலத்தில் பூட்டிவைத்த ரகசியம். திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்த மதுரை ராமசாமி நாயக்கர், இளைஞர் ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர மறுத்ததாகவும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ஒளிந்து வந்து கற்றுக்கொடுத்ததாகவும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நம் வீட்டுப் பூஜையறைச் சரஸ்வதிக்கும் லட்சுமிக்கும் முகம் கிடைத்த கதையில் ஆறுமுகம் பிள்ளைக்கும் பங்கு உண்டு. யாரும் அவரைச் சொல்வதில்லை.

பாணிகளின் பெயர்கள் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். பாதி, திட்டிய வார்த்தைகள். 1874இல் பாரிஸில் மோனே ‘மனப்பதிவு, சூர்யோதயம்’ என்ற படத்தை வைத்தார். லூயி லெரோய் என்ற பத்திரிகைக்காரர் அந்தத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இதைவிடச் சுவரில் ஒட்டும் காகிதமே முடிவு பெற்றதாக இருக்கும் என்று கேலி செய்தார். ‘இம்ப்ரெஷனிஸம்’ என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. 1905இல் மத்தீஸின் கூட்டத்தைப் பார்த்து வேறொருவர் ‘காட்டு விலங்குகள்’ என்றார். அது ‘ஃபாவிஸம்’ ஆயிற்று. எழுதுகிற எங்கள் வர்க்கம் செய்த உபகாரம் அவ்வளவுதான்.

நமக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. வண்ணம் தீட்டாத கோட்டோவியத்துக்குச் சங்க நூலே ‘புனையா ஓவியம்’ என்று பெயர் தந்திருக்கிறது. ஓவியர்களைக் ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது மதுரைக்காஞ்சி. பார்ப்பவர் கண்ணுக்குள் வேலை செய்கிறவர்கள் என்று நான் பொருள் கொள்கிறேன். மகேந்திரவர்ம பல்லவன் ‘சித்திரகாரப்புலி’ என்று தனக்கே பட்டம் சூட்டிக்கொண்டான். தஞ்சாவூர்ப் பலகைப்படம் செய்கிறவர்கள் தங்க ரேக் ஒட்டுவதற்கு முன் மேடாக அப்பும் குழம்பை இன்றும் ‘மக்கு’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை எந்தக் கண்காட்சி அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

மாஸ்டருக்குப் பதில் எழுதிவிட்டேன். மற்றவர்கள் சென்ற இதழை எடுத்து, பத்மபாணி படத்துக்குக் கீழே உள்ள வரியை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: ‘அஜந்தா, முதலாம் குகை. மண்ணும் வைக்கோலும் கலந்து பூசி, மேலே மெல்லிய சுண்ணாம்புப் பூச்சிட்டு, அது உலர்ந்த பின் பசை சேர்த்த நிறத்தில் தீட்டியது.’

அன்புடன்,
ஆசிரியர்